ஓணானின் பக்கம் நின்று பாருங்கள்

வீட்டில் செய்த ஊர்வனக் கூடுகளை ரசிப்பது எப்படி?

பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் பல்லி, பாம்பு, ஓணான் வளர்ப்பவர்களுக்குள் ஒரு தனிக் கூட்டம் உண்டு. கடையில் கண்ணாடிப் பெட்டி வாங்கி, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் செடிகளைச் சொருகி வைப்பதில் இவர்களுக்குத் திருப்தி கிடையாது. பிளைவுட்டை அறுத்து, கண்ணாடிக் கதவு மாட்டி, தெர்மாகோலில் மலை செதுக்கி, ஒரு பாலைவனத்தையோ மழைக்காட்டையோ வரவேற்பறைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்தக் கூடுகளின் படங்களைப் பார்த்து, “அடடா, தத்ரூபம்!” என்று சொல்லிவிட்டு நகர்வது பாதி ரசனைதான். நல்ல கூட்டில் நம் கண்ணுக்கு அழகாகப்படும் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் பிராணிக்கு ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கும். அந்த வேலை என்னவென்று கண்டுபிடிப்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

ஒரு பெண்மணி போட்ட பாதை

1829இல் நதானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். புழுவைக் கவனிக்கப் போனவர் கண்ணில் பட்டது, அதே மண்ணில் தானாக முளைத்து வளர்ந்த பெரணிச் செடி. மூடிய கண்ணாடிக்குள் ஒரு சின்ன உலகம் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணத்துக்கு அதுதான் தொடக்கம். 1849இல் லண்டன் விலங்குக் காட்சிசாலை ஊர்வனவற்றுக்கென்றே ஒரு தனிக் கட்டடம் திறந்தது. உலகிலேயே முதல் முயற்சி அது.

காட்சியழகையும் பிராணியின் தேவையையும் ஒரே கூட்டுக்குள் சேர்த்துக் காட்டியவர் ஜோன் பிராக்டர். அதே காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் வடிவமைத்த புதிய ஊர்வன இல்லம் 1927இல் திறக்கப்பட்டது. மின்சாரத்தால் இடத்துக்கு இடம் மாறுபடும் வெப்பம், புறஊதாக் கதிரை உள்ளே விடும் தனி வகைக் கண்ணாடி ஆகியவை அதில் இருந்தன. அதற்கு முன்பே அங்குள்ள மீன் காட்சியகத்துக்குப் பாறை வேலைப்பாடுகளையும் அவர் அமைத்திருந்தார். இன்று வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தெர்மாகோல் செதுக்குபவர்கள் நடப்பது அவர் போட்ட பாதையில்தான்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

உதாரணத்துக்கு, பலரும் விரும்பி வளர்க்கும் பியர்டட் டிராகனை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட நிலத்துப் பிராணி. நம் வேலியோர ஓணானின் குடும்பம். சொந்த நாட்டு ஊர்வனவற்றை உயிரோடு வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. ஆகவே, பிற நாட்டு வீடுகளில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பிறந்தவை. வளர்ந்த ஒன்றுக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரத்துக்குக் குறையாத கூடு வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு.

இந்தக் கூட்டைப் பார்த்ததும் கண் பாறைக்குத்தான் ஓடும். அதை இழுத்து மேலே, விளக்குக்குக் கொண்டுபோங்கள். வெப்ப விளக்கு ஒரு கோடியில் இருக்கிறதா? அதன் அடியில் உள்ள கல் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சுட வேண்டும். மறு கோடி 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஓணானுக்கு உடம்புச் சூடு உள்ளிருந்து ஊறுவதில்லை. வெயிலுக்கு வந்தும் நிழலுக்குப் போயும் அது தன் சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. நல்ல கைகாரர் 120 செ.மீ. நீளத்துக்குள் காலை வெயிலையும் மரத்தடி நிழலையும் வைத்துவிடுவார். விளக்கை நட்ட நடுவில் தொங்கவிட்ட கூடு படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால், உள்ளே இருப்பதற்கு ஒதுங்க இடமிருக்காது.

வெப்ப விளக்கை ஒட்டி நீளமான குழல் விளக்கு ஒன்றும் இருந்தால், செய்தவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். அது யுவிபி கதிர் தரும் விளக்கு. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் கால்சியம் சேராமல் எலும்பு வளைந்து போகும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கூட்டை ஜன்னலோரம் வைப்பது பரிகாரம் ஆகாது. வெயிலில் பெட்டி கொதிப்பதுதான் மிச்சம்.

பாறைக்குள் இருக்கும் பொறுமை

இப்போது பாறைக்கு வரலாம். தெர்மாகோல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கத்தியால் செதுக்கி, விரிசல்களைக் கீறுகிறார்கள். அதன் மேல் டைல்ஸ் இடுக்குக்குப் பூசும் கிரவுட்டைப் பூசுகிறார்கள். முதல் பூச்சு நீர்க்க இருக்கும், இண்டு இடுக்கிலெல்லாம் இறங்குவதற்காக. அது காய்ந்த பிறகு இன்னும் கெட்டியாக ஒன்று, அதன் மேல் மற்றொன்று. அவசரப்பட்டால் பூச்சு வெடிக்கும். ஓணானின் நகம் தெர்மாகோலைத் தொட்டுவிட்டால் அது உதிர்ந்து வயிற்றுக்குள் போகும் அபாயமும் உண்டு. கடைசியில் அக்ரிலிக் வண்ணம்: முதலில் அடர்நிறம், பிறகு கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் வெளிர்நிறம். பள்ளத்தில் இருள் தங்கி, விளிம்பில் வெளிச்சம் ஏறும்போதுதான் தெர்மாகோல் கல்லாகிறது.

கிட்டத்தில் போய் விரிசல்களின் போக்கைக் கவனியுங்கள். படிவுப் பாறையில் அடுக்குகள் ஒரே திசையில்தான் ஓடும். ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாமே அந்தப் பக்கம் சாயும். இதை அறிந்தவர் செய்த சுவரில் ஒரு மூலையில் தொடங்கும் கோட்டை மறு மூலை வரை கண்ணால் பிடித்துக்கொண்டே போகலாம். அறியாதவர் சுவரில் கோடுகள் மனம்போன போக்கில் கிறுக்கியதுபோல் கிடக்கும்.

இந்தச் சொரசொரப்புக்கு வேலையும் உண்டு. ஏறுவதற்குப் பிடிமானம், நகம் தேய்வதற்கு உரசல், தோல் உரிக்கும்போது முதல் பிளவை உண்டாக்க ஒரு முனை எல்லாம் அதிலேயே கிடைக்கின்றன. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் திண்டுகள், தரைக்கும் விளக்குக்கும் இடையில் படிப்படியாக வெவ்வேறு சூட்டைத் தருகின்றன.

ஒளிவிடமும் தரையும்

கூச்சமுள்ள பிராணிக்கு ஒளிய இடம் வேண்டும். சூடான கோடியில் ஒன்று, குளிர்ந்த கோடியில் ஒன்று என இரண்டு பொந்துகள் இருக்கின்றனவா பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால், வெப்பமா பாதுகாப்பா என்று தினமும் அது தவிக்க நேரும். பொந்து விசாலமாக இருப்பதும் சிறப்பல்ல. முதுகும் விலாவும் சுவரில் உரசுகிற அளவு இடுக்காக இருந்தால்தான் பாம்பும் பல்லியும் நிம்மதியாகச் சுருண்டு படுக்கும்.

நிஜக் கல் வைத்திருந்தால் அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். கூட்டின் தளத்தில் கல்லை உட்கார வைத்துவிட்டு அப்புறம் மண் கொட்டியிருக்க வேண்டும். மண்ணின் மேல் வைத்த கல், ஓணான் அடியில் தோண்டும்போது அதன் மேலேயே சரிந்துவிடும். கதவு மேலே இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது. காட்டில் பருந்து வருவது மேலிருந்து. தலைக்கு மேல் இறங்கும் கை ஓணானை மிரள வைக்கும்.

நெட்டையான கூடு

எல்லாக் கூடும் பாலைவனமல்ல. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவைச் சேர்ந்த கிரஸ்டட் கெக்கோ என்ற பல்லி, அழிந்தே போய்விட்டது என்று கருதப்பட்டு 1994இல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. இது மரவாசி. இதற்குத் தரைப் பரப்பைவிட உயரம்தான் முக்கியம். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஈரமும் இலைச் செறிவும் வேண்டும். ராத்திரியில் இலைமேல் தெளித்த நீர்த்துளிகளை நக்கிக் குடிக்கும்.

இத்தகைய கூட்டில் கார்க் மரப்பட்டைதான் அரசன். இலேசானது, எளிதில் மக்காது, குழலாகவும் கிடைக்கும். போர்ச்சுகலில் மரத்தை வெட்டாமல் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். கண்ணாடியின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தரையின் அடுக்குகள் தெரியும்: அடியில் நீர் வடிய சுட்ட களிமண் உருண்டைகள், மேலே வலை, அதன்மேல் மண், எல்லாவற்றுக்கும் மேலே சருகு. அந்தச் சருகுக்குள் ஸ்பிரிங்டெயில் என்ற பொடிப்பூச்சிகள் பூஞ்சணத்தைத் தின்கின்றன. ஐசோபாட் என்ற சின்னஞ்சிறு ஓட்டுயிரிகள் மக்கிய இலையையும் எச்சத்தையும் தின்று மண்ணாக்குகின்றன. பார்வைக்குக் குப்பை, உண்மையில் அதுதான் அந்தக் கூட்டின் துப்புரவுத் துறை.

எதில் மயங்கக் கூடாது?

இருபுறமும் சமச்சீராக அடுக்கிய கற்கள், மண்டையோட்டுப் பொம்மை, இரவெல்லாம் எரியும் வண்ண விளக்கு இவையெல்லாம் பார்ப்பவருக்கானவை. ஒரு கூட்டை மதிப்பிட, செய்து முடித்த அன்று எடுத்த படம் போதாது. ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். மணலில் தோண்டிய தடம், ஒரு கிளை மட்டும் தேய்ந்து வழவழத்திருப்பது, பாறை விளிம்பில் ஒட்டிய உரிந்த தோல் இவைதான் கூட்டுக்குக் கிடைத்த பரிசுகள். ஆறு மாதமாகியும் எல்லாம் வைத்தது வைத்தபடி புதுசாக இருந்தால், உள்ளே இருப்பதற்கு அந்த வீடு பிடிக்கவில்லை.

நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நட்சத்திர ஆமையோ, உடும்போ, நம் ஊர்ப் பாம்போ வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வகைகளிலும் பலவற்றை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். ரசிப்பதற்குச் சொந்தமாக ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. கிண்டி பாம்புப் பண்ணைக்கோ வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ அடுத்த முறை போகும்போது, பாம்பு எங்கே என்று தேடுவதற்கு முன் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே இருக்கிறது, ஒளிய இடம் எது என்று பாருங்கள். பாம்பு எங்கே இருக்கும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.