சிகிச்சையாளரின் காயம்

தம் துன்பத்தை வென்று பிறர் துன்பம் துடைக்க வந்தவரின் கதை எவர் நெஞ்சையும் உருக்கும். உருக்குவதோடு ஒரு நூலின் கடமை முடிந்துவிடுமா? அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், வாழத்தகும் வாழ்வொன்றைக் கட்டியெழுப்புதல் என்று பொருள்படும் தலைப்புடன் 2020 இல் வெளியிட்ட தன்வரலாற்றை இவ்வினாவுடனேயே நாம் அணுகுகின்றோம்.

1961 இல், 17 வயதில், கனெற்றிக்கட் மாநிலத்து உளநோய் வைத்தியசாலையொன்றிற் சேர்க்கப்பட்ட அவர், ஈராண்டுக்கு மேல் அங்கிருந்தார். பின்னர் வாசிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, தற்கொலை எண்ணத்தால் வாடுவோர்க்கென ‘இயங்கியல் நடத்தைச் சிகிச்சை’யை உருவாக்கினார். இயங்கியல் என்ற சொல் நம் வாசகருக்குப் புதிதன்று. நோயாளியை உள்ளவாறே ஏற்றல், அவரை மாறத் தூண்டுதல் என்னும் இரு முரண்களின் இணைப்பையே இங்கு அது குறிக்கின்றது. அம்முறையை விளக்கும் நூல் 1993 இல் வெளிவந்தது. தாமும் ஒரு காலத்து நோயாளியே என்பதை அவர் பகிரங்கமாகக் கூறியதோ 2011 இல், தமது 68ஆவது வயதில்.

இடைப்பட்ட 18 ஆண்டு மௌனத்தைத் தனியொருவரின் அச்சமென்று கொள்ளலாகாது. நோயைப் படித்தறிந்தவருக்குப் பட்டம் தரும் துறை, அதனைப் பட்டறிந்தவரை ஐயுறுகின்றது. புகழும் பதவியும் பெற்றவர் இறுதியிலேனும் வாய் திறக்கலாம். பயிற்சியிலிருக்கும் இளைஞர் என் செய்வார்?

நூலின் குறை இங்கேதான் தென்படுகின்றது. சபதமும் இறையருளும் தனிமனித உறுதியுமே அதன் கதையை நடத்திச் செல்கின்றன. ஆயினும், அவர் வகுத்த முறையிலேயே இதற்கொரு கூட்டு விடை உண்டு. சிகிச்சையளிப்போர் வாரந்தோறும் கூடும் ஆலோசனைக் குழு அதன் இன்றியமையாத அங்கமாகும். எவரும் தவறக்கூடியவரே என்று ஒப்புக்கொண்டே அவர்கள் அதில் அமர்கின்றனர். நோயாளியின் துயரைக் கேட்கையிற் பழைய காயம் கிளறப்பட்டால், அதனைச் சொல்ல அங்கு இடமுண்டு. “நானும் பட்டவன், எனக்குத் தெரியும்” என்ற செருக்குத் தலைதூக்கினால், திருத்தச் சகாக்கள் உண்டு. பட்ட துன்பம் தொழிலறிவாக முதிர்வது இத்தகைய விவாதத்தினாலேயே.

அங்குச் சொன்ன சொல் நாளை ஒருவரின் பதவிக்கு உலைவைக்குமாயின், குழு ஒற்றர் சபையாகிவிடும், எவரும் பேசார். எனவே அது சமமானவர்களின் கூட்டமாகவே நிலைபெற வேண்டும்.

வகுப்பறையில் தவறே செய்யாதவர்போல் நடிக்கப் பழகிவிட்ட ஆசிரியர்களாகிய நாமும் இதிற் கற்கவேண்டியது உண்டு. லினஹனின் துணிவைப் போற்றுவோம். உண்மையைச் சொல்ல அத்தனை துணிவு தேவைப்படாத தொழிற்சூழலை ஆக்குவதே அவருக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை.