ஓட்டமும் இருப்பும்

லேப்வியூவில் நிரலை எழுதுவதில்லை, வரைகிறோம். 1986-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் இருந்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அதை முதலில் மேக்கின்டாஷுக்காக வெளியிட்டது. கருவிகளை வயரால் இணைத்துப் பழகிய பொறியாளருக்கு மென்பொருளையும் வயரால் இணைக்கத் தருவதுதான் அதை உருவாக்கிய ஜெஃப் கோடோஸ்கி குழுவினரின் எண்ணம். அதற்குப் பதினாறு ஆண்டு முன்பே, 1970-இல், ஐபிஎம்மின் எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியைக் கட்டுரையாக முன்வைத்துவிட்டார். லேப்வியூவில் எல்லாமே ஓட்டம். காட்டின் அட்டவணையில் எல்லாமே இருப்பு. குணத்தில் எதிரெதிரான இந்த இரண்டையும் ஒரு திரையில் இணைத்துவைக்கும் வரைபடத்தை வேலைக்கான கருவியாக மட்டும் பார்ப்பது அநியாயம். அதில் ரசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் அதன் எளிமை. ஓர் அளவீட்டைத் தரவுத்தளத்தில் சேர்க்க, இடமிருந்து வலமாக மூன்று சின்னங்கள் போதும்: இணைப்பைத் திறப்பது, தரவைச் சேர்ப்பது, இணைப்பை மூடுவது. ‘இதற்குப் பிறகு அது’ என்று எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஒரு கட்டத்துக்கு வர வேண்டிய உள்ளீடுகள் எல்லாம் வந்து சேர்ந்தால்தான் அது இயங்கும் என்பது லேப்வியூவின் அடிப்படை விதி. திறந்த இணைப்பின் அடையாளம் ஒரு வயராக முதல் கட்டத்திலிருந்து புறப்படுகிறது. அது கைக்கு வரும்வரை இரண்டாவது கட்டம் காத்திருக்கும். வரிசை என்பது தனிக் கட்டளையாக இல்லாமல், வயர் போகும் போக்கிலேயே அமைந்துவிடுகிறது.

அந்த வயருக்குக் கீழே, துணைக்கு வருவதுபோல் இன்னொன்று ஓடுகிறது. அது எரர் வயர். பிழை உண்டா இல்லையா, அதன் எண் என்ன, எங்கே நேர்ந்தது என்ற மூன்று தகவல்களை ஒரே கட்டாகச் சுமக்கிறது. சர்வர் பதில் தராமல் முதல் கட்டத்திலேயே பிழை எழுந்தால், அடுத்த கட்டம் அந்த வயரைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைச் செய்யாமல் பிழையை அப்படியே கைமாற்றிவிடும். ஆனால் மூடும் வேலைக்கு மட்டும் லேப்வியூ மரபில் விலக்கு உண்டு. கோப்பை மூடுவதும் ரெஃபரன்ஸை மூடுவதும், பிழை வந்திருந்தாலும் தம் கடமையை முடித்துவிட்டே அதை வெளியே அனுப்பும். எல்லாரும் ஒதுங்கும்போது கதவைச் சாத்துகிறவர் மட்டும் ஒதுங்கக் கூடாது என்று யாரோ முன்யோசனையோடு முடிவு செய்திருக்கிறார்கள்.

எந்தச் சர்வர், எந்தத் தரவுத்தளம் என்ற விவரத்தை வரைபடத்துக்குள் புதைக்காமல் வெளியே வைக்கும் உத்தியும் அழகானது. விண்டோஸில் காலியான டெக்ஸ்ட் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதன் பின்னொட்டை யூடிஎல் என்று மாற்றி, இருமுறை சொடுக்கினால் ஓர் உரையாடல் பெட்டி திறக்கும். டிரைவரைத் தேர்ந்தெடுத்து, சர்வர் பெயரைக் கொடுத்து, இணைப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தலாம். லேப்வியூவைத் திறக்காமலேயே இணைப்பு சரியா என்று தெரிந்துவிடும். பிறகு அதே கோப்பை நோட்பேடில் திறந்தால், பெட்டியில் கொடுத்ததெல்லாம் ஒரே நீள வரியாக உட்கார்ந்திருக்கும். சர்வர் மாறினால் இந்தக் கோப்பைத் தொட்டால் போதும். வரைபடத்தில் ஒரு வயரும் அசையாது.

வண்ணங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தசம எண் ஆரஞ்சு, முழு எண் நீலம், உண்டு-இல்லை பச்சை, எழுத்துச் சரம் இளஞ்சிவப்பு. வகை பொருந்தாத இரு முனைகளை இணைத்தால் வயர் முறிந்து நிற்கும். இயக்கும் அம்புக்குறியும் உடைந்துபோகும். இந்தக் கண்டிப்பெல்லாம் தரவுத்தளத்தின் வாசலில் முடிகிறது. அங்கிருந்து திரும்பி வருபவை வேரியன்ட் என்ற பொது வகையில், ஊதா வயரில் வருகின்றன. எதை எந்த வகையாக எடுத்துக்கொள்வது என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பு வயரில் தரவுத்தளத்துக்குக் கட்டளையாகப் போகும் எஸ்கியூஎல் வாக்கியத்தின் நிலையும் அதுதான். அதில் ஒரு காற்புள்ளி தவறினாலும் லேப்வியூ கண்டுகொள்ளாது; அதற்கு அது வெறும் எழுத்துச் சரம். தவறு தெரிவது ஓட்டும்போதுதான். மதிப்புகளை வாக்கியத்தில் ஒட்டாமல் அளவுருக்களாகத் தனியே அனுப்புவதன் அருமை இங்கேதான் விளங்கும்.

நேரத்தைக் கையாளும் இடம் இன்னும் நுட்பம். லேப்வியூவின் நேர முத்திரை 128 பிட் கொண்டது: 64 பிட் வினாடிகளுக்கு, 64 பிட் வினாடியின் பின்னத்துக்கு. எண்ணத் தொடங்குவது 1904 ஜனவரி 1-இலிருந்து. பழைய மேக்கின்டாஷ் விட்டுச்சென்ற வழக்கம் அது. யூனிக்ஸின் கணக்கு 1970-இல் தொடங்குவதால், இரண்டுக்கும் இடையே 208,28,44,800 வினாடிகள். இவ்வளவு நுணுக்கமான நேரத்தை எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகையில் போட்டால், மில்லிவினாடியின் கடைசி இலக்கம் 0, 3, 7 என்ற மூன்றில் ஒன்றாகச் சுருட்டப்பட்டுவிடும். அடுத்தடுத்த மில்லிவினாடிகளில் எடுத்த இரண்டு அளவீடுகள் ஒரே நேரத்தைக் காட்டக்கூடும். அட்டவணைக்கோ தனக்கென்று வரிசை கிடையாது. கேட்டால்தான் வரிசைப்படுத்தித் தரும். எது முந்தியது என்பதை வயர் அறிந்திருந்தது, வரிகள் அறியா. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு அளவீட்டோடும் ஒரு தொடர் எண்ணையும் சேர்த்து அனுப்புகிறார்கள். ஓட்டத்தில் தானாகவே இருந்ததை இருப்பில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

வேகமும் இரு பக்கத்திலும் ஒன்றல்ல. சென்சார் யாருக்காகவும் நிற்காது. தரவுத்தளம் சில நேரம் மூச்சு வாங்கும். இரண்டையும் ஒரே லூப்பில் வைத்தால் சேமிப்பின் தாமதம் அளவீட்டைக் கெடுக்கும். எனவே அளக்க ஒரு லூப், எழுத ஒரு லூப், நடுவில் ஒரு க்யூ. வெள்ளத்தை வாங்கி மதகு வழியே நிதானமாக விடும் ஏரியின் வேலையை அது செய்கிறது. எழுதும் லூப் பல வரிகளைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக முடித்தால் தாமதம் பெரிதும் குறையும்.

சென்சார் பழுதாகி மதிப்பே வராதபோது என்ன எழுதுவது? ஆரஞ்சு வயரில் ‘எண் அல்ல’ என்ற நிலை போக முடியும். எஸ்கியூஎல் சர்வரின் தசம எண் நெடுவரிசை அதை ஏற்காது. அதற்குத் தெரிந்தது ‘நல்’ என்ற வெறுமை. அவசரக்காரர் சுழியை எழுதிவிட்டுப் போவார். ஓராண்டு கழித்துச் சராசரி எடுப்பவர், கொதிகலன் அன்று பனிக்கட்டியாய்க் குளிர்ந்ததென்று நம்பிவிடுவார். நல்ல வரைபடத்தில் சேர்க்கும் கட்டத்துக்கு முன்பு ஒரு சிறு சோதனை இருக்கும்; எண் அல்லாததை அது வெறுமையாக மாற்றியே அனுப்பும். வரைந்தவருக்குக் கருவியும் தெரிந்திருந்தது, அட்டவணையும் தெரிந்திருந்தது என்பதற்கு அந்த ஒரு கட்டமே சான்று.