‘வந்தால்’ என்னும் சொல்லும் ஆங்கில நிபந்தனைத் தொடரும்

ஆங்கில நிபந்தனைத் தொடர்களைக் கற்பிக்கும் பயிற்சி நூல்கள் பலவும் அவற்றைப் பூச்சிய வகை, முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்பாடு தருகின்றன. மனப்பாடத்திற்கு இம்முறை எளிது. ஆயினும், பொருளை விட்டு எண்ணைப் பற்றிக்கொள்ளச் செய்வது இதன் பெருங்குறை.

மாணவரை மிகவும் மயக்குவது இரண்டாம் வகையே. ‘இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்’ என்பது இன்று கையில் பணம் இல்லாதவன் கூற்று. ‘ஹேட்’ இறந்தகால வடிவம். ஆனால், கூறப்படுவது நேற்றைய செய்தி அன்று. உண்மை நிலையினின்று எண்ணம் விலகி நிற்பதைக் காட்டவே அவ்வடிவம் வந்தது. காலம் வேறு, வினையின் கால வடிவம் வேறு என்பதை டென்மார்க்கு நாட்டறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1924இல் வெளிவந்த தம் இலக்கணத் தத்துவ நூலில் வற்புறுத்தினார். வாய்பாட்டை மட்டும் தரும் நூல் இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

தமிழ் மாணவனுக்கு இஃது அயலான செய்தியன்று. ‘நாளை மழை வந்தால்’ என்னும்போது, ‘வந்து’, ‘வந்தான்’ என்பவற்றில் உள்ள இறந்தகால உருவே அங்கும் நிற்கிறது, கருதுவதோ நாளையை. ‘வரின்’ போன்ற பழைய ‘செயின்’ வாய்பாட்டை நன்னூலார் எதிர்கால வினையெச்சத்துள் அடக்கினார். இன்றைய ‘வந்தால்’ இறந்தகால உருவைக் கொண்டே அப்பொருளைத் தருகிறது.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்று, பணம் வரக்கூடியவனும் சொல்லலாம். வர வழியே இல்லாதவனும் சொல்லலாம். தமிழில் இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். ஆங்கிலமோ முன்னவனுக்கு ‘ஹேவ், வில்’ என்றும், பின்னவனுக்கு ‘ஹேட், வுட்’ என்றும் வடிவத்தையே பிரித்து வைக்கிறது. மாணவர் செய்யும் பிழைகளுள் பல இங்கே பிறப்பவை. ‘படித்திருந்தால் தேறியிருப்பான்’ என்னும் நடவாத இறந்தகாலச் செய்தியிலோ இரு மொழிகளும் ஏறக்குறைய ஒத்துச் செல்கின்றன.

நான்கு வகையுள் அடங்காத நல்ல தொடர்களும் உண்டு. ‘இஃப் ஹி ஹேட் ஸ்டடீட் மெடிசின், ஹி வுட் பி எ டாக்டர் நவ்’ என்பதில் நிபந்தனை சென்ற காலத்தது, பயன் இன்றையது. ‘இஃப்’ என்பதன்பின் ‘வில்’ வாராது என்பர். ஆயினும், ‘இஃப் யூ வில் வெயிட் எ மொமெண்ட்’ என்பது பிறர் இசைவை வேண்டும் பண்பான வழக்கு. வாய்பாட்டை மட்டும் நம்பித் திருத்துவோர் இவ்விரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிடக்கூடும். சரியாக எழுதிய மாணவன் தன் அறிவையே ஐயுறத் தொடங்குவான்.

ஆகவே, ‘இஃது எத்தனையாம் வகை?’ என்னும் வினாவைப் பின்னே தள்ளுதல் நன்று. இது நிகழக்கூடியதா? சொல்பவன் அதை நம்புகிறானா? நிபந்தனை எக்காலத்தது, பயன் எக்காலத்தது? இவற்றை முதலில் தமிழிலேயே கேட்டு விடை பெறும் ஆசிரியரிடம் பயிலும் மாணவனுக்கு வாய்பாடு தானே விளங்கும்.