ஹாங்காங் கேட்டதும் ஹாங்காங் தாங்கியதும்

2017 அக்டோபர் 30. பாரிஸ் நகரில் நடந்த வாக்கெடுப்பில் வாஷிங்டனையும் மெக்சிகோவின் குவாதலஹாராவையும் முந்தி, 2022ஆம் ஆண்டு கே கேம்ஸ் போட்டிகளை நடத்தும் உரிமையை ஹாங்காங் வென்றது. பால்புதுமையினருக்கான இந்த உலக விளையாட்டு விழா அதற்கு முன் ஆசியாவுக்கு வந்ததே இல்லை. வெற்றிக்காக உழைத்தவர்கள் அரசு அதிகாரிகளோ விளையாட்டு அமைச்சகமோ இல்லை. பகலில் அலுவலகம், மாலையில் இந்த வேலை என்று ஓடிய தன்னார்வலர்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில் போட்டிகள் நடந்தபோது ஹாங்காங்கில் பங்கேற்றவர்கள் சுமார் 2,300 பேர். விண்ணப்பக் காலத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 12,000. இந்த இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்து, ஹாங்காங் தோற்றுவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறு நடந்தது உண்மை. ஆனால் அது களத்தில் நடக்கவில்லை, விண்ணப்பத்தில் நடந்தது. அந்தத் தவறை முதலில் செய்த ஊரும் ஹாங்காங் இல்லை.

வாக்களிப்பவர்கள் யார் என்று பார்த்தால் கணக்கு தெளிவாகும். கே கேம்ஸ் கூட்டமைப்பில் உறுப்பினர்களாக இருப்பவை பெரும்பாலும் நீச்சல் குழுக்கள், ஓட்டக் குழுக்கள், நகர அளவிலான விளையாட்டுச் சங்கங்கள். வாராவாரம் ஆட்களைத் திரட்டிப் பயிற்சி நடத்துவது எவ்வளவு சிரமம் என்று அவர்களுக்குத் தெரியும். ஹாங்காங் விண்ணப்பத்தை முன்னெடுத்த டென்னிஸ் பிலிப்ஸே, ‘அவுட் இன் ஹாங்காங்’ என்ற விளையாட்டுக் குழுவைத் தொடங்கியவர். வார இறுதியில் மலையேற்றம், மைதானத்தில் ஆட்டம் என்று, மதுக்கூடங்களுக்கு வெளியே ஒருவரையொருவர் சந்திக்க வழி செய்த குழு அது. அந்த ஊரின் பலம் அங்கேதான் இருந்தது. பிரம்மாண்ட அரங்கத்தின் படத்தைக் காட்டி யாரும் அந்த வாக்குகளை வாங்கியிருக்க முடியாது.

பலவீனமும் அதே இடத்தில்தான். தன்னார்வலர்களால் மனிதர்களைத் திரட்ட முடியும், ஆனால் அரசு மைதானத்தின் சாவி அவர்கள் கையில் இல்லை. விழா நடத்தும் ஊர் கூட்டமைப்புக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும், வீரர்கள் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே முன்பணம் கொடுத்து அரங்குகளைப் பிடிக்க வேண்டும். வருகை எண்ணிக்கையைப் பெரிதாக எழுதினால் இந்தச் செலவெல்லாம் கூடவே பெரிதாகும். எதிர்பார்த்தபடி ஆட்கள் வராவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும்.

இதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம். 1998இல் ஆம்ஸ்டர்டாம் விழா கொண்டாட்டமாக நடந்தது, பற்றாக்குறையைச் சரிக்கட்ட நகர நிர்வாகம் உள்ளே வர வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டு விழா முதலில் மாண்ட்ரியலுக்குத்தான் ஒதுக்கப்பட்டது. விழாவின் அளவையும் பணக் கட்டுப்பாட்டையும் பற்றிய தகராறில் 2003இல் பேச்சுவார்த்தை முறிந்தது. மாண்ட்ரியல் விலகிப்போய் ‘அவுட்கேம்ஸ்’ என்ற தனி விழாவைத் தொடங்கியது; அது பல லட்சம் டாலர் கடனில் முடிந்தது. மாற்றாக விழாவை ஏற்ற சிகாகோவோ அதே கோடையில், குறைந்த அவகாசத்தில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வரவழைத்துக் கடனில்லாமல் முடித்தது. 2017இல் மயாமி அவுட்கேம்ஸ் கதை இன்னும் வேதனையானது. தொடக்க விழா நாளன்றே பெரும்பாலான போட்டிகள் ரத்து என்று அறிவிப்பு வந்தது. விமானச் சீட்டும் விடுதிக் கட்டணமும் செலுத்தி வந்து இறங்கியிருந்த வீரர்கள் செய்வதறியாமல் நின்றார்கள். சொந்தக் காசில், பலர் வீட்டுக்குக்கூடச் சொல்லாமல், வந்து ஆடும் விழா இது. அப்படி வருபவரை நடுத்தெருவில் நிறுத்துவதைவிடப் பெரிய தோல்வி எந்த விண்ணப்பத்துக்கும் கிடையாது.

ஹாங்காங் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை. அவர்கள் எதிர்கொண்டதைப் பாருங்கள். 2020 ஜூனில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெருந்தொற்றுக் கால எல்லைக் கட்டுப்பாடுகளால் 2021 செப்டம்பரில் விழாவை ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 2022 தொடக்கத்தில் குவாதலஹாரா இணை நகரமானது. வரவிருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சட்டமன்றத்தில் சில உறுப்பினர்கள் விழாவை எதிர்த்துப் பேசினார்கள். தைவான், தன் வீரர்கள் கைது செய்யப்படலாம் என்ற அச்சத்தில் அணியை அனுப்ப மறுத்தது. தைவானின் அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். எல்லோருக்கும் இடமுண்டு என்று அழைக்கும் விழாவுக்கு, ஆசியாவிலேயே முதலில் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு வராமல் போனது பெரிய இழப்பு. ஜனநாயகச் செயற்பாட்டாளர்கள் சிறையில் இருக்கும் நகரத்தில் விழா நடத்தலாமா என்று கேட்டவர்களின் கேள்வியும் நியாயமானதே.

இத்தனைக்கும் நடுவில் அமைப்பாளர்கள் போட்டிகளைச் சுமார் பதினெட்டாகக் குறைத்தார்கள். குவீன் எலிசபெத் அரங்கில் தொடக்க விழா நடந்தது, நகரின் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ரெஜினா இப் மேடையேறினார். டிராகன் படகுகள் ஓடின, மலைப்பாதை ஓட்டமும் நடந்தது. வந்தவர்கள் ஆடிவிட்டுத்தான் திரும்பினார்கள். அரசின் கஜானா துணையில்லாத குழு இதைச் செய்தது சாதாரண வேலை இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், தன்பாலின இணையருக்குச் சட்ட அங்கீகாரம் தர வழி காணுமாறு ஹாங்காங் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டிருந்தது. ஊரில் பேச்சு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் விழா வந்து சேர்ந்தது.

இந்தப் போட்டிகளின் பிறப்பும் சிறிய அளவில்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டெகத்லானில் ஆறாம் இடம் பிடித்த டாம் வாடெல், 1982இல் சான் பிரான்சிஸ்கோவில் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் 1,350 பேர் அளவில்தான். ‘ஒலிம்பிக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு வழக்குப் போட்டது. 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. சில நாட்களில் வாடெல் எய்ட்ஸால் இறந்தார். தகுதிச் சுற்று கிடையாது, யாரும் ஆடலாம், அவரவர் உச்சத்தை அவரவர் தொட்டால் போதும் என்று அவர் வகுத்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது.

அப்படிப்பட்ட விழாவுக்கு ஊர்கள் பல்லாயிரம் பேர், பல கோடி டாலர் வருமானம் என்று எழுதிக் கொடுத்து மோதுவதைக் கூட்டமைப்பு நிறுத்த வேண்டும். ஹாங்காங் விண்ணப்பத்தில் ஊருக்கு நூறு கோடி ஹாங்காங் டாலர் வருமானம் என்ற கணிப்பும் இருந்தது. இனி வரும் ஊர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. உங்கள் ஊரில் வாராவாரம் பயிற்சி நடத்தும் குழுக்கள் எத்தனை? அரங்குகளுக்கு எழுத்துப்பூர்வ உறுதி கிடைத்துவிட்டதா? பதிவு பாதியாகக் குறைந்தால் எந்தப் போட்டிகளை எந்தத் தேதிக்குள் கைவிடுவீர்கள், கட்டிய பணத்தை வீரருக்கு எப்படித் திருப்பித் தருவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதாத விண்ணப்பத்தை வாக்கெடுப்புக்கே அனுமதிக்கக் கூடாது.