லோ கியர் விழுந்த அந்தச் சத்தம்

எனக்கு ஜீப் பைத்தியம் என்பது ஒரகடத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அது முற்றி டிரான்ஸ்ஃபர் கேஸ் பைத்தியமாகும் என்று எனக்கே தெரியாது! சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பழைய வார்ப்பிரும்பு டப்பாவைக் கழற்றி மாட்டியதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எவனாவது முன்பே சொல்லியிருந்தால் வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஒரு ஜீப்பை வாங்கியிருப்பேன்.

நம்ம வண்டி பழைய மஹிந்திரா சிஜே-3பி. பானட் தூக்கலாக, முகத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்குமே, அதே ரகம். கொஞ்ச நாளாக அடியிலிருந்து ஒரு ஊளை. லோ கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் லீவர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். “முழு யூனிட்டையும் மாத்திடுங்க சார்” என்றார் ஒரு மெக்கானிக். மாற்றுவதா? என் டப்பாவையா? அன்றைக்கே வண்டியைப் போர்டிகோவில் ஏற்றி, நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்திவிட்டேன்.

இந்த டப்பா என்ன செய்கிறது தெரியுமா? இன்ஜின் சக்தி கியர்பாக்ஸைத் தாண்டி இதற்குள் வரும். இது அதைப் பின் ஆக்சிலுக்கும், நாம் லீவரைப் போட்டால் முன் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும். லோ போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரை பங்கு குறையும், இழுவை அதே அளவு கூடும். ஸ்பைசர் 18 என்று பெயர். 1941-இல் இரண்டாம் உலகப் போர் ஜீப்பில் ஏறி, 1971 வரை அமெரிக்க ஜீப்புகளில் ஓடிய டப்பா. பம்பாயில் மஹிந்திரா ஜீப் பூட்டத் தொடங்கியபோது நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஒரகடத்தில் 2010-இல் திறந்த ரெனோ-நிசான் ஆலையிலிருந்து நாலு சக்கரமும் இழுக்கும் டஸ்டர்கூட வெளிவந்திருக்கிறது. அதில் ஒரு குமிழைத் திருகினால் வேலை முடிந்தது, மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர் பாடு. நல்ல வண்டிதான், யார் இல்லை என்றது? ஆனால் குமிழுக்குள் கை விட முடியுமா? இதில் முடியும்!

இப்போது என்னோடு வண்டிக்கு அடியில் வந்து படுங்க. வாங்க, சட்டை அழுக்கானால் ஆகட்டும். டிரெய்ன் நட்டைக் கழற்றியதும் கறுப்பாக, கெட்டியாக நைன்ட்டி ஆயில் இறங்குகிறது, அதில் டார்ச் அடித்தால் பொடி இரும்பு மினுங்குகிறது. அந்த வாடை இருக்கே, பட்டறைக்காரர்கள் மன்னிக்கணும், எனக்கு அது சாம்பிராணி! பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஹேண்ட் பிரேக் டிரம், அடித்தட்டு எல்லாம் வந்தாச்சு. பின்னால் லாக் பிளேட்டை எடுத்துவிட்டு, பித்தளை ராடு வைத்து நடு ஷாஃப்ட்டை டொக் டொக்கென்று தட்டத் தட்ட அது நகர்கிறது, நகர்கிறது, கடைசியில் அந்தப் பெரிய இன்டர்மீடியட் கியர் சொத்தென்று என் இரண்டு உள்ளங்கையிலும் வந்து உட்கார்கிறது பாருங்க, பிரசவ வார்டில் குழந்தையை வாங்கிய அப்பன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்!

குற்றவாளியும் அங்கேயே கிடைத்தான். ஷாஃப்ட்டில் நீடில் ரோலர் ஓடிய இடமெல்லாம் தேய்ந்து, விரல் நகம் வைத்து இழுத்தால் தட்டுகிறது. இந்த டப்பாவில் நீங்கள் டூ வீலில் போனாலும் சரி, சக்தி அந்த நடு கியர் வழியாகத்தான் போயாக வேண்டும், அதற்கு ஓய்வே கிடையாது. பிறகு ஊளையிடாமல் என்ன செய்யும்? ஷிஃப்ட் ராடை உருவும்போது உள்ளே ஸ்பிரிங்கில் அடங்கியிருந்த குண்டு விருட்டென்று பறந்து துளசி மாடத்துக்குப் பின்னால் போய் விழுந்தது, தவழ்ந்து போய் எடுத்தேன். இரண்டு ராடுக்கும் நடுவில் மாத்திரை மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறது. முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோ போட விடாது அது. அத்தனை இழுவையும் பின் ஆக்சில் ஒன்றின் தலையில் விழுந்துவிடக்கூடாது என்று, ஒரு வயரில்லை, சென்சாரில்லை, ஒரு மாத்திரையை வைத்துக் காவல் போட்டிருக்கிறான் இதை வடிவமைத்தவன், பாருங்க!

சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு. ஷாஃப்ட், நீடில், திரஸ்ட் வாஷர், டேப்பர் பேரிங், ஆயில் சீல் என்று பை நிறைய. ஆனால் உண்மையான அதிர்ஷ்டம் நான் குடியிருக்கும் இடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைப் பகுதி, எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் கேஜ் பிடித்த கை ஒன்றின் மேல்தான் விழும். எதிர்வீட்டு அண்ணன் ஒரு கம்பெனியில் டூல் ரூம். நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவர், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே என் போர்டிகோவுக்கு வந்து டயல் கேஜை நிறுத்திவிட்டார்.

“தம்பி, அவுட்புட் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் ஆட்டு. எவ்வளவு ப்ளே வேணும்?”

“நாலு தௌவிலிருந்து எட்டு தௌ வரைக்கும்ணே.”

“பத்து காட்டுது. ஒரு ஷிம்மை உருவு.”

உருவினேன். முள் ஆறில் நின்றது. ஆறு தௌ! ஓர் அங்குலத்தை ஆயிரமாக நறுக்கி அதில் ஆறு பங்கு! கத்திவிட்டேன். “அட, மெதுவாப்பா, தெருவே எழுந்துடும்” என்றார் அண்ணன், அவர் முகத்திலும் தூக்கம் போயே போச்சு.

புது நடு ஷாஃப்ட் டைட்டாக ஏறும், குளிர வைத்தால் ஒரு மயிரிழை சுருங்கும் என்று அதை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். “ஏங்க, வஞ்சிர மீன் பக்கத்துல இரும்பு ஏங்க?” என்று உள்ளேயிருந்து குரல். பதில் சொல்ல நேரமேது, சில்லென்ற ஷாஃப்ட்டோடு ஓடினேன், ரெண்டே தட்டில் போய் உட்கார்ந்தது!

தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைக்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்வதால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். அதனால் புது ஆயிலை ஊற்றி நேரே ஏரிப் பக்கம் விட்டேன். முந்தின ராத்திரி மழை. வண்டல் லாரிகள் போன தடம் முழுக்கச் சேறு, எதிரே கரையேறும் செங்குத்து. கிளட்சை மிதித்து முன் லீவர், அடுத்து லோ லீவர், ணங்! விழுந்தது பாருங்க, அந்தச் சத்தம் கையில் ஏறி தோளில் ஏறி நெஞ்சுக்குள் போயிற்று, காலை எடுத்தேன், வண்டி உறுமவில்லை, அவசரப்படவில்லை, நடக்கிற வேகத்தில் நாலு சக்கரமும் சேற்றைக் கவ்விக் கவ்வி, முன் டயர் மண்ணை வாரி என் முகத்தில் அடிக்க, வாயைத் திறந்து “ஏறுடா ஏறுடா” என்று கத்திக்கொண்டிருந்ததால் வாயெல்லாம் சேறு, லீவரோ அசையவே இல்லை, பிடித்துவைத்த இடத்தில் கல்லாய் நிற்கிறது, வானம் மட்டும் தெரிந்த கண்ணாடியில் திடுமென்று ஏரி முழுசும் தெரிகிறது, கரை மேல் நிற்கிறேன், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நாலடி தள்ளி நின்றுகொண்டார்!

ஆயில் ஒழுகுமா என்று கேட்பீர்கள். சொட்டும். இந்த டப்பா சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம், அதை விடுங்க. இப்போது திருப்பும்போது முன் ஆக்சில் பக்கம் லேசாக ஒரு டக் டக். கிங் பின் பேரிங்காகத்தான் இருக்கும். இருக்கணும் சாமி!