அச்சநோயும் மனோசிகிச்சை முறைகளும்

பதற்றநோய் என்று இக்கால மருத்துவர் வழங்கும் பிணியைக் குறித்து நம்மனோருள் இருவகைக் கூற்று நிலவுகின்றது. அஃது இறைவன்பால் உறுதியின்மையான் வருவது, திருநீறும் திருவைந்தெழுத்துமே அதற்கு அமையும் என்பர் ஒருசாரார். மேனாட்டார் மனோசிகிச்சையுள் உள்ளன யாவும் நம் நூல்களில் முன்னரே உள என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டும் பொருந்தாமை காட்டுதலே ஈண்டு எம் கருத்து.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு வகுத்தனர். வருத்துந் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், ஒறுக்குந் தலைவர் என்னும் அந்நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன. பதற்றநோயோ அற்றன்று. புலியில்லாதவிடத்தும் புலியைக் கண்டான்போல் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உறக்கம் ஒழியும், வாராத தீங்கை வந்ததாகவே எண்ணி மனம் மாதக்கணக்கில் உழலும். இவ்வேறுபாட்டை உணராது நோயாளியை நோக்கி, 'நாவரசர் நீற்றறையிலும் அஞ்சிலரே, நீ அஞ்சுவதென்?' என வினவுதல், காய்ச்சலுற்றானைக் குளிர்ந்திரு என்று ஆணையிடுவது போலும். அவ்வடிகளே சூலை கொண்டகாலை அதனைப் பொறாது தமக்கையார்பாற் சென்று தம் துன்பத்தை உரைத்தனர் என்பதைப் பெரியபுராணங் கற்றார் மறத்தலாகாது.

இனி மனோசிகிச்சை ஒன்றன்று, பல. வியன்னா நகரத்துப் பிராய்டு நோயின் வேரை இளமை நினைவுகளிலும் மறைந்த ஆசைகளிலும் தேடினர். அது நெடுங்காலமும் பெரும்பொருளும் வேண்டுவது. நம் ஊர்த் தறித்தொழிலாளிக்கு எட்டாதது. ஆகலின் அவ்வளவில் விடுகின்றாம். 1958ஆம் ஆண்டு ஜோசப் வோல்ப் வெளியிட்ட நூல் வேறு வழி காட்டிற்று. உடலை முதலில் தளர்த்திக்கொண்டு, அஞ்சும் பொருள்களைச் சிறியது முதல் பெரியது ஈறாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக மனத்தின்முன் நிறுத்திப் பழகுவது அது. பின்வந்தோர் அதனை நேரிற் பழகுதலாக விரித்தனர். பேருந்தேற அஞ்சுவான் முதனாள் நிறுத்தத்தில் நின்றும், பின்னொருநாள் ஒரு நிறுத்தமளவு சென்றும் அச்சம் தானே தணிதலைக் காண்பன். எளிமையும் பயனும் நோக்கின் இதனையே யாம் முதற்கண் வைப்போம்.

பிலடெல்பியாவில் இருந்த ஆரோன் பெக் 1976இல் தம் நூலில் விளக்கியது எண்ணத்தைச் சோதிக்கும் முறை. 'நெஞ்சு துடிக்கின்றது, ஆகலின் இறப்பேன்' என நோயாளி கருதுவானாயின், அக்கருத்துக்குச் சான்று யாது, மறுசான்று யாது என அவனையே ஆராயச் செய்வது. அளவைநூல் பயின்றார் இதனை நம் தருக்கமே என்று எளிதிற் கூறிவிடுவர். அது மிகை. தருக்கம் பிறர் கோளை மறுப்பது. இதுவோ தன் நெஞ்சு தன்னை அச்சுறுத்துஞ் சொல்லைத் தானே சோதிப்பது. நாடோறும் வீட்டிற் குறித்துவருதலும் உண்டு. வாரந்தோறும் மாற்றத்தை அளத்தலும் உண்டு. இவை நம் அளவைநூலில் எங்குள என அவர் காட்டுவாராக.

எண்ணத்தோடு பொருதாது அதனை வந்துபோகவிட்டு நோக்கியிருக்கும் பயிற்சி மற்றொன்று. பௌத்தர் தியானத்தினின்றும் எடுத்து 1979இல் ஜான் கபட்-சின் அமெரிக்க மருத்துவமனையொன்றில் இதனைத் தொடங்கினர். 2022இல் வெளிவந்த ஆய்வொன்றில் பதற்றநோயினர் 276 பேருள் ஒருபகுதியார்க்கு இப்பயிற்சியும், மற்றையோர்க்கு எஸ்சிட்டலோபிராம் என்னும் மருந்தும் தரப்பட்டன; எட்டு வாரத்தின்பின் பயிற்சி மருந்தினுந் தாழ்ந்ததாகக் காணப்படவில்லை. பரபக்கத்திற் பௌத்தனை மறுத்துப் பழகிய நமக்கு இது சிறிது கூச்சந்தரலாம். நோய் தணிவதை மறுக்கும் வழக்குரை ஒன்றும் பரபக்கத்தில் இல்லை.

இம்முறைகட்கும் எல்லை உண்டு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலி உயர்வு வேண்டிச் சோமனூர் முதலாய ஊர்களின் விசைத்தறியாளர் தறிகளை நிறுத்தினர். அக்காலத்துக் கடன் தவணையை எண்ணி உறங்காதவன் நெஞ்சத்தைச் சோதித்தால், அவன் அஞ்சியது மெய்யென்றே முடியும். அவன் அச்சம் தொல்காப்பியர் கூறிய நான்காவதற்கு இனமாவது. அதனை நோயெனப் பெயரிட்டு மூச்சுப் பயிற்சி மட்டும் கற்பித்தல் முறையன்று. நல்ல மருத்துவர் மெய்யிடர் இது, மனம் பெருக்கியது இது எனப் பிரித்தே தொடங்குவர்.

திருக்கோயில் வழக்கத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டியில் மனநோயுற்றாரைத் தங்கவைத்துத் தீர்த்தமாட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சேரமான் தந்த பொருளை வேடருருக் கொண்ட பூதகணங்கள் பறிக்க, ஆரூரர் அத்தலத்திற்றான் இறைவனை நேர்நின்று கடிந்து பாடினர். கலங்கிய நெஞ்சத்தை மறையாது உரைத்தற்கு அங்குத் தடையில்லை; அவரைப் பக்தி குறைந்தவர் என்றாரும் இல்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய கடுமனநோயினர் 31 பேரை ஆராய்ந்து 2002இல் மருத்துவர் சிலர் எழுதிய கட்டுரை, அவர்தம் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தமையைக் கூறுகின்றது. அங்கு விலங்கு இல்லை. சிறு தொண்டும் உறவினர் துணையும் இருந்தன. ஏர்வாடியிலோ 2001இல் சங்கிலியிற் கட்டுண்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். வழிபாட்டிடம் என்ற பெயரால் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்தெண்ணுவார் கண்ணிருந்துங் காணாதார்.

பூண்டிக்கு நோயாளியை அழைத்துச் செல்வார் செல்லுக. மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக இடையில் நிறுத்தற்க. அஞ்சுவானைத் தனியறையிற் பூட்டற்க. 2022 அக்டோபர் முதல் அரசினர் நடத்தும் டெலிமானஸ் உதவியை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை.