விதையும் நிலமும்

பெண் நிலம், ஆண் விதை. மனுஸ்மிருதியின் 9ஆம் அத்தியாயம் இப்படிப் பிரித்து, இரண்டில் விதையே உயர்ந்தது என்கிறது. ‘வம்ச வித்து’ என்று நாமும் இன்றுவரை சொல்லிவருகிறோம். உருவகம்தானே என்று விட்டுவிட முடியாது. பிள்ளை யாருடையது, சொத்து யாருக்கு, பெண் குழந்தை பிறந்தால் பழி யார்மீது என்பதிலெல்லாம் அதற்குப் பங்குண்டு.

இந்த உருவகம் தாவரத்துக்கே பொருந்தாது. ஆண் தருவது மகரந்தம், விதையை அல்ல. இருவர் பங்கும் சேர்ந்த பிறகே சூலகத்துக்குள் விதை உருவாகிறது. அந்தப் பங்குகளுக்கு ஒரே மதிப்பு என்பதை 1866இல் வெளியான மெண்டலின் பட்டாணி ஆய்வு காட்டியது. நெட்டைச் செடியின் மகரந்தத்தைக் குட்டைக்கு இட்டாலும், குட்டையினுடையதை நெட்டைக்கு இட்டாலும் முதல் தலைமுறை முழுவதும் நெட்டையே. அடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. பண்பு தாய்வழியா தந்தைவழியா என்பது கணக்கை மாற்றவில்லை.

1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் அறிவியலாளர், மாவுப்புழுவில் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் விந்தணுவில் இருப்பதைக் கண்டார். மனிதரிலும் எக்ஸா ஒய்யா என்பது தந்தையின் அணுவைப் பொறுத்ததே. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களோ தாயிடமிருந்து வருகின்றன.

இதையெல்லாம் பள்ளியில் படித்துத் தேறியவர்கள்தாம் மருமகளிடம் ஆண் வாரிசு கேட்கிறார்கள். பாடநூல் மாற்றாததை உருவகம் காப்பாற்றிவைத்திருக்கிறது. ஒரு கவிதை பெண்ணை நிலமென்று புகழும்போது, அந்த நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விமர்சனம் கேட்க வேண்டும்.